நாலு மணிக்குள் ஓட வேண்டிய இன்ஜின்

மாமா, ஓடிடுச்சு, உங்க படகு இன்ஜின் ஓடிடுச்சு, நாலு மணிக்கு இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருக்கும்போது ஓடிடுச்சு, என் கையால ஓடிடுச்சு!!!

சரி. மூச்சு வாங்கிக்கொண்டேன். முறையாகத் தொடங்குகிறேன்.

நடுக்கடலில், சரக்குக் கப்பலின் சமையலறையில், இருநூறு முட்டைகளுக்கு நடுவே நலமாக இருக்கும் என் தாய்மாமா அவர்களுக்கு, தங்கள் அக்காவின் ஒரே மகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவின் இடது கட்டைவிரலில் மட்டும் ஒரு கட்டு இருக்கிறது. அது கீழே வரும். அங்கே அலையில் சட்டி சரியாமல் சமையல் நடக்கிறதா என்று அறிய ஆவல்.

இதைப் படகுத்துறை ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அடிக்கிறேன். என் போன் படகின் அடிவயிற்றில், எண்ணெய் கலந்த தண்ணீருக்குள் போய்விட்டது. அதுவும் கீழே வரும். அம்மாவுடையது பட்டன் போன். இந்தக் கம்ப்யூட்டரில் மெயில் தவிர வேறு எதுவும் திறக்காது, எல்லாவற்றையும் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஆபீஸ் அக்கா ரொம்ப நல்லவர், அஞ்சரைக்குக் கதவைச் சாத்துகிற வரைக்கும் அடித்துக்கொள் என்று நாற்காலியைத் தள்ளிவிட்டார்.

போன வாரம் நீங்கள் அனுப்பிய மெயிலை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன் மாமா. "இன்ஜின் செத்துப்போச்சு. நான் ஊர் திரும்ப ஆறு மாசம் ஆகும். ஹோட்டல்காரர் படகைக் கேட்கிறார். சனிக்கிழமை நாலு மணிக்குள் இன்ஜின் ஒழுங்கா ஓடினா படகு நம்மது. இல்லேன்னா சாவியை அவர்கிட்ட கொடுத்துடு." அவ்வளவுதான். ஒரு பாய்மரப் படகைப் பற்றி இவ்வளவு சாதாரணமாக எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? ஹோட்டல்காரர் என்ன செய்யப்போகிறார் தெரியுமா? அதைக் கடலிலிருந்து தூக்கி அவர் ஹோட்டல் வாசலில் நிறுத்தி, பாய்மரத்தில் விளக்குச் சரம் சுற்றி, இன்ஜினைப் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, அந்தக் குழியில் கை கழுவும் தொட்டி வைக்கப்போகிறாராம். கை கழுவும் தொட்டி மாமா! நான் இன்னும் அந்தப் படகில் துறையை விட்டு நாலு அடிகூடப் போனதில்லை. சாப்பிட்டு வருகிறவர்கள் எல்லாம் அதற்குள் கொப்பளித்துத் துப்புவதா?

ஆகவே நான் களத்தில் இறங்கினேன். எனக்கு என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம், அம்மா ஏற்கெனவே கேட்டுவிட்டாள். எனக்கு எண்ணெய்க்கை அண்ணனைத் தெரியும். அவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை, வீடியோவில் இரண்டு கைகள் மட்டும்தான் வரும், இரண்டும் கறுப்பு. சின்னப் படகு டீசல் இன்ஜின் பற்றி இருநூற்றுப் பன்னிரண்டு வீடியோ போட்டிருக்கிறார், இருநூற்றுப் பன்னிரண்டுக்கும் நான் லைக் போட்டிருக்கிறேன். ஸ்பேனரை எடுக்கும்போது அவர் விரலை மடக்குகிற விதமே தனி.

திங்கட்கிழமை ஆயிலில் ஆரம்பித்தேன். அளவுக் குச்சியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்தால் கறுப்போ கறுப்பு. அம்மா ஐயோ என்றாள். கறுப்பாக இருக்கலாம்மா, டீசல் இன்ஜினில் அப்படித்தான் இருக்கும், பால் விட்ட காபி மாதிரி இருந்தால்தான் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அழ வேண்டும் என்று சொன்னேன். அப்புறம் டீசல் ஃபில்டருக்கு அடியில் இருக்கிற கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்தேன். பாதி டீசல், பாதி தண்ணி! மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள், டேங்கைப் பாதி காலியாக விட்டுவிட்டு மாசக்கணக்கில் போகவே கூடாது. அந்தக் காலி இடத்துக் காற்று வேர்த்துத்தான் சொட்டுச் சொட்டாத் தண்ணி இறங்குது. இதைக்கூடத் தெரிஞ்சுக்காமலா படகு வாங்கினீங்கன்னு நான் கேட்கலை, அம்மா கேட்டா. "பொண்ணு பார்த்துட்டு வாடான்னு அனுப்பினா படகு பார்த்துட்டு வந்தவன்தானே உன் மாமன்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

செவ்வாய், புதன் ரெண்டு நாளும் தண்ணி பம்ப். கடல் தண்ணியை இழுத்து இன்ஜினைக் குளிர வைச்சு, புகைக்குழாய் வழியா வெளியே தள்ளுற ரப்பர் சக்கரம் ஒண்ணு இருக்கு. அதுக்கு ஆறு இதழ், உங்களோடதுல நாலுதான் இருந்துச்சு. புதுசு மாட்டினா போச்சுன்னு நான் நினைச்சேன், தங்கள் அக்கா விடலை. தையல் கடை நடத்துறவ இல்லையா, வெட்டின துண்டு கணக்குக்கு வரலைன்னா அவளுக்குத் தூக்கம் வராது. "மீதி ரெண்டு எங்கடி?" ன்னு கேட்டு, துண்டை விரிச்சு, குழாய் குழாயாக் கழட்டி, கடைசி ரப்பர் துணுக்கைக் கொக்கி ஊசி போட்டு இழுத்து எடுத்தா பாருங்க! அது அங்கேயே கிடந்திருந்தா தண்ணி அடைச்சு இன்ஜின் வெந்திருக்கும். எண்ணெய்க்கை அண்ணனும் இதையேதான் சொல்றார்னு நான் காட்டினேன். அம்மா வீடியோவை அரை நிமிஷம் பார்த்துட்டு, "கையைக் கழுவச் சொல்லு அந்தப் பையனை" ன்னுட்டு எழுந்து போயிட்டா.

வியாழன் பெல்ட். அதைக் கட்டைவிரலால் அழுத்தினா அரை அங்குலம் அமுங்கணும். அம்மா அழுத்திக்கிட்டிருந்தப்ப நான் ஸ்பேனரை நழுவ விட்டுட்டேன். கட்டின் கதை இதுதான், மேற்கொண்டு அம்மா உங்களிடம் நேரில் சொல்வாள்.

வெள்ளிக்கிழமை புது ஃபில்டர் போட்டு, டீசல் குழாய்க்குள்ள மாட்டின காத்தை வெளியேத்த ஆரம்பிச்சோம். அதுல வந்துச்சு வினை. டீசல்ல ஒரு குமிழி காத்து இருந்தாக்கூட இன்ஜின் எழுந்திருக்காது. ஃபில்டர் தலையில ஒரு திருகைத் தளர்த்தணும், கை பம்பை டுக் டுக்னு அடிக்கணும், நுரை நின்னு சுத்தமா டீசல் மட்டும் வழிஞ்சதும் திருகை முடுக்கணும். அவ்வளவுதான், கேக்க எவ்வளவு சுலபம்! அம்மா பம்ப், நான் திருகு.

"நின்னுச்சா?"

"இல்லைம்மா, இன்னும் நுரைக்குது."

"இப்ப?"

"நின்னுச்சு நின்னுச்சு... ஐயோ, மறுபடி வருது."

"சோப்புத் தண்ணியை ஊத்தித் தொலைச்சியா என்னடி?"

வெள்ளிக்கிழமை ரெண்டு தடவை, இன்னிக்குக் காலையில ரெண்டு தடவை, மொத்தம் நாலு. ஒவ்வொரு தடவையும் முடுக்கிட்டு சாவியைத் திருப்பினா கரகரன்னு சுத்தும், இருமும், படுத்துக்கும். "இன்னொரு தடவை விடாம அடிச்சுப் பாருடி" ன்னு அம்மா கத்துறா. அடிக்கக் கூடாதுமா, இன்ஜின் பிடிக்காம ஸ்டார்ட்டரை மட்டும் அடிச்சுக்கிட்டே இருந்தா கடல் தண்ணி புகைக்குழாய்ல நிறைஞ்சு திரும்பி இன்ஜினுக்குள்ளயே வந்துடும், வீடியோ எண்பத்தி மூணுன்னு நானும் கத்துறேன். ஒரு முழு வாரம் மாமா. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு.

மூணேகாலுக்கு ஹோட்டல்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் அளவு டேப். வந்ததும் வராததுமாக பாய்மரத்தை அளக்க ஆரம்பித்துவிட்டார்.

"என்ன பாப்பா, ஓடுதா?"

"நாலு மணி வரைக்கும் டைம் இருக்கு சார். நான் பாப்பா இல்ல."

"சரிங்க மெக்கானிக் அம்மா. அந்தக் குழி எவ்வளவு ஆழம்? தொட்டிக்கு ஆர்டர் கொடுக்கணும்."

"உங்க தொட்டியை உங்க தலையில..." என்று அம்மா ஆரம்பித்தாள். நான் அவள் காலை மிதித்தேன்.

மிதித்த கையோடு அஞ்சாவது தடவைக்கு ஃபில்டரையே கழற்றினேன். அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு ஃபில்டர் உட்காருகிற இடத்தை எட்டிப் பார்த்தா. துணியில தையல் பிரிஞ்சதைப் பார்ப்பாளே, அதே பார்வை. "ஏன்டி, இதுக்கு ரெண்டு வளையமா?" ன்னா. ஒண்ணுதான்மா, புது ஃபில்டரோட வந்த ரப்பர் வளையம்னேன். "அப்ப இது யாரோடது?" ன்னு நகத்தால் சுரண்டினா மாமா, மேலேயிருந்து கறுப்பா, காஞ்சு போய், பழைய வளையம் உரிஞ்சுக்கிட்டு வந்துச்சு! பழையது அங்கேயே ஒட்டிக்கிட்டிருக்க, அதுக்கு மேலேயே நான் புதுசைப் போட்டு இறுக்கியிருக்கேன்! ரெண்டு வளையத்துக்கு நடுவுல காத்து ஜாலியாப் போய் வந்துக்கிட்டிருக்கு! "உள்துணியைப் பிரிக்காம மேலேயே இன்னொரு உள்துணி தைச்சா சட்டை எப்படிடி உட்காரும்?" னு அம்மா கேட்டா. இந்த ஒரு வாக்கியத்தை எண்ணெய்க்கை அண்ணனுக்கு அனுப்பணும்.

மூணு நாப்பத்தஞ்சுக்குக் கடைசித் திருகை முடுக்கினேன். நுரை இல்லை. கடல் தண்ணி வால்வைத் திறந்தேன். இன்ஜின் சாவியை அந்த வால்வுக் கைப்பிடியிலயே கட்டி வெச்சிருக்கேன் மாமா, வால்வை மறந்துட்டு யாரும் ஸ்டார்ட் பண்ண முடியாது, நல்ல ஐடியா இல்ல? சாவியை அவிழ்த்தேன், போட்டேன், திருப்பினேன். கரகர... கரகர... டுக். டுக் டுக். டுகுடுகுடுகுடுகுடுகு!!!

ஓடிடுச்சு மாமா! படகு முழுக்க அதிருது, அம்மா அதிர்றா, என் பல்லு அதிருது! புகைக்குழாய்ல தண்ணி வருதான்னு ஓடிப் போய்ப் பார்க்கிறதுக்குள்ள அது பொளக்குனு துப்புச்சு, அங்கே டேப்பை நீட்டிக் குனிஞ்சிருந்தார் ஹோட்டல்காரர், அவர் வெள்ளைச் சட்டையில எங்கே பட்டுச்சு எங்கே படலைன்னு சொல்ல முடியாது. "வருதுமா, தண்ணி வருது!" ன்னு நான் குதிச்ச குதியில போன் சட்டைப் பையிலேர்ந்து அடிவயிற்றுக்குள்ள போச்சு. போகட்டும் மாமா! அம்மா என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. கடைசியா அவ என்னைக் கட்டிப் பிடிச்சது பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்கு.

இதை எழுதுகிற இந்த நிமிஷமும் ஓடிக்கொண்டிருக்கிறது, ஜன்னல் வழியாகக் கேட்கிறது. அது இன்ஜின் சத்தமே இல்லை மாமா, பாட்டு. ஆகவே தாங்கள் போட்ட நிபந்தனைப்படி படகு நம்மது. இதன் மூலம் அதிகாரபூர்வமாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

கப்பல் கேப்டனுக்கும், தங்களுடன் வெங்காயம் உரிக்கும் அண்ணனுக்கும், சீஃப் இன்ஜினியர் சாருக்கும் என் வணக்கங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், சமைக்கிறவர்கள்தான் சாப்பிட மறப்பார்கள் என்று அம்மா சொல்லச் சொன்னாள். கடல் அமைதியாக இருக்கட்டும், சட்டிகள் சரியாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பாசமுள்ள மருமகள்,
டீசல் இன்ஜின் மெக்கானிக் (படிக்காமலே)

பின்குறிப்பு: மாமா, ஒரு சின்ன விஷயம். இதை எப்படி நிறுத்துறது?

சாவியைத் திருப்பி எடுத்துட்டேன். சாவி இதோ என் கையில இருக்கு. இன்ஜின் அங்கே ஓடிக்கிட்டிருக்கு. ஸ்கூட்டர்ல சாவியை எடுத்தா நிக்கும்ல? இது நிக்கலை மாமா! அம்மா பேட்டரி வயரைப் பிடுங்கட்டுமாங்கிறா, வேண்டாம்னுட்டேன், ஓடும்போது பிடுங்கினா பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டர் போயிடும். தண்ணி வால்வை மூடினா வெந்துடும். டீசல் வால்வை மூடினா நிக்கும், ஆனா மறுபடி காத்து புகுந்துடும், அம்மாவோட மிச்ச விரலும் தாங்காது.

எனக்கு எப்படித் தெரியாமப் போச்சுன்னு உங்ககிட்ட மட்டும் உண்மையைச் சொல்றேன். ஒவ்வொரு வீடியோவிலயும் இன்ஜின் ஓடினதும் எனக்குக் கண்ணு கலங்கிடும், உடனே லைக் போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடுவேன். இருநூத்திப் பன்னிரண்டு வீடியோ. ஒண்ணைக்கூடக் கடைசி வரைக்கும் பார்த்ததில்லை.

ஆபீஸ் அக்காவுக்குத் தெரியலை, துறையில கேக்கலாம்னா ஒருத்தர் இல்லை, நல்ல காத்துன்னு எல்லாரும் கடலுக்குப் போயிட்டாங்க. ஹோட்டல்காரர் மட்டும் ஈரச் சட்டையோட உட்கார்ந்திருக்கார். "நிறுத்தத் தெரியலைன்னா அது ஒழுங்கா ஓடுறதா அர்த்தமா? உங்க மாமா 'ஒழுங்கா'ன்னுதானே எழுதியிருக்கார்? அஞ்சரைக்குள்ள நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் பண்ணிக் காட்டு, நான் போயிடறேன். இல்லேன்னா தொட்டிக்கு ஆர்டர் கொடுக்கறேன்" னுட்டார். அம்மாவும் சரின்னுட்டா.

அதனால மாமா, இதை உடனே சாப்பாட்டு மேஜையில வெச்சு எல்லாருக்கும் சத்தமாப் படிங்க. சீஃப் இன்ஜினியர் தூங்கினா எழுப்புங்க. கேப்டனைக் கேளுங்க, வெங்காயம் உரிக்கிற அண்ணனைக் கேளுங்க, தெரிஞ்சவங்க, தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்சவங்க எல்லாருக்கும் அனுப்புங்க. ஒரு வரி போதும்: இதைத் திருப்பு, இல்லை இதை இழு. ஸ்டியரிங் பக்கத்துல சிவப்பா ஒரு குமிழ் இருக்கு, எழுத்தெல்லாம் அழிஞ்சுபோச்சு, அது அழகுக்கா, இல்லை எதுக்காவது உதவுமான்னும் கேளுங்க. தெரியாத எதையும் இழுக்கக் கூடாதுங்கிறது வீடியோ ஒண்ணு, முதல் விதி, அதனால நான் தொடலை. அம்மா அதுல கைப்பையை மாட்டியிருக்கா.

இப்ப மணி அஞ்சு பத்து. ஹோட்டல்காரர் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து, "என்ன மெக்கானிக் அம்மா, தெரிஞ்சுதா?" ங்கிறார். "தெரியும் சார், நல்லாச் சூடாகட்டும்னு விட்டு வெச்சிருக்கேன்" னு சொல்லியிருக்கேன். சீக்கிரம் பதில் போடுங்க.