ஸ்பெயின் மாஸ்டர் தைத்த பாவாடை

பத்தாவதோடு படிப்பை நிறுத்திய நான் பத்திரிகைக்கு எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். மன்னித்துவிடுங்கள். ஆனால் எங்கள் டெய்லர் மாஸ்டர் மேலுள்ள ஆத்திரத்தை யாரிடமாவது கொட்டியாக வேண்டும். லிங்கராஜபுரத்தில் உட்கார்ந்துகொண்டு, நானூறு வருடங்களுக்கு முன் செத்துப்போன ஸ்பெயின் ராஜாக்களுக்குத் துணி தைத்த ஒரே மனிதர் அவர்தான்.

பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஓர் ஓவியப் புத்தகம் அவர் தலையைக் கெடுத்தது. முழுக்க அந்த நாட்டு ராஜா, ராணிகளின் படங்கள். அவர் கடையில் ஹெம்மிங், பட்டன் வேலை பார்க்கும் எனக்குத்தான் அவஸ்தை. கல்யாணச் சட்டை கேட்டு வந்தவருக்குச் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் விறைப்பான வெள்ளைக் காலர் வைத்தார். மாப்பிள்ளையால் குனிந்து சர்ச் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட முடியவில்லை. வீட்டார் சண்டைக்கு வந்தார்கள்.

"ராஜா எதுக்குப்பா குனியணும்?" என்றார் மாஸ்டர். காலரைப் பிரித்துத் தரவும் மறுத்துவிட்டார்.

பிறகு என் மகள் ஸ்டெல்லாவுக்குப் பள்ளி நாடகத்தில் ஸ்பெயின் இளவரசி வேஷம் கிடைத்தது. முதல் முறையாக மேடை ஏறப்போகிறாள். தூக்கத்தில்கூட வசனம் சொன்னாள். மாஸ்டர் பிரம்பு வளையங்கள் கட்டி, அவள் இரண்டு கையையும் விரித்த அகலத்துக்குப் பாவாடை தைத்தார்.

"மாஸ்டர், புள்ள எப்படி உக்காரும்?"

"அந்த ஊரு சீமாட்டிங்களே கீழ மெத்த போட்டுத்தாம்மா உக்காந்தாங்க. உம் பொண்ணுக்கு சேர் கேக்குதா?"

ஆட்டோவில் ஏற முடியவில்லை. கூட்ஸ் ஆட்டோவில் நிற்கவைத்து நானும் மாஸ்டரும் கூட்டிப்போனோம். வழியெல்லாம் சிரித்தார்கள். கடைசியில் மேடைக் கதவில் பாவாடை சிக்கிக்கொண்டது. அங்குலம் அங்குலமாகப் படத்தை அளந்த மனிதர் கதவை அளக்கவில்லை!

"அஞ்சு நிமிஷம்தாம்மா. இல்லன்னா வேற பொண்ண நிறுத்திடுவேன்" என்றார் டீச்சர்.

"வெட்டுங்க மாஸ்டர்!" என்று கத்தினேன். அவரிடம் நான் குரல் உயர்த்தியது அன்றுதான்.

அவர் பையிலிருந்து கத்தரியை எடுத்தார். வளையங்களைப் பின்பக்கம் வெட்டினார். பாவாடை சுருங்கியது, ஸ்டெல்லா உள்ளே போனாள். திரை விலகுவதற்குள் மாஸ்டரும் ஓடிப்போய் அவளுக்குப் பின்னால் மண்டியிட்டு, வெட்டிய முனைகளை இழுத்துச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பாவாடை மறுபடி விரிந்தது. இளவரசி நடந்தபோதெல்லாம் அவரும் தவழ்ந்தார்.

"டேய், ராணிக்கு நாலு காலுடா!" என்று எவனோ கூவினான். அவனை அறையலாம் போலிருந்தது. ஸ்டெல்லா ஒரு வசனத்தையும் விடவில்லை.

மறுநாள் மாஸ்டருக்கு இரண்டு முட்டியும் வீங்கிவிட்டது. கடையை நான் திறந்தேன்.