அந்த நாளுக்கான கோட்டு

மழை வருமுன் குடை வாங்குகிறவர்கள் உண்டு, நனைந்த பிறகு வாங்குகிறவர்களும் உண்டு. இந்த இரண்டு வகையாராலும் ஊருக்கு ஒரு தொந்தரவும் இல்லை, விட்டுவிடுவோம். இங்கே அறிமுகம் செய்ய வேண்டியது மூன்றாவது வகையை: நல்ல குடையாகத் தேடி வாங்கி, கம்பிகளுக்கு எண்ணெய் போட்டு, உறையில் சுருட்டிப் பெட்டியில் பூட்டிவிட்டு, "இது சாதாரண மழைதானே" என்று தொப்பலாக நனைந்துகொண்டே போகிறவர். இவருக்கு முன்னேற்பாட்டுக்காரர் என்று பெயர். பனி விழும் ஊர்களில் இந்த இனம் குடையோடு நிற்பதில்லை. ராணுவக் கோட்டுக்குப் போய்விடுகிறது.

உதாரணத்துக்கு ஒருவரைப் பிடித்து வெளிச்சத்தில் நிறுத்துவோம். தெருவில் அவரைப் 'பட்டாளம்' என்பார்கள். பட்டாளத்துக்கும் அவருக்கும் உள்ள ஒரே சம்பந்தம், பட்டாளம் வேண்டாமென்று கழித்துப் போட்டதை இவர் வேண்டுமென்று வாங்குவார் என்பதுதான். மற்றபடி அவர் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் புகார்த் தொலைபேசிக்குப் பதில் சொல்பவர். இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்டுக்குள்ளிருந்து அலறுகிறவர்களிடம், காற்று வருகிறதா, லைட் எரிகிறதா என்று விசாரித்துவிட்டு, "அப்ப இது அவசரம் இல்லீங்க, ஆள் வருவார்" என்று பொறுமையாகச் சொல்ல வேண்டும். வருடக்கணக்கில் இதையே சொல்லிச் சொல்லி அவருக்கு ஒரு ஞானம் பிறந்திருந்தது. உலகத்தில் நடக்கிற எதுவுமே அவசரம் இல்லை. உண்மையான அவசரம் ஒன்று எங்கேயோ கிளம்பி வந்துகொண்டிருக்கிறது. அதற்கு அவர் வைத்த பெயர் 'அந்த நாள்'.

அந்த நாளுக்காகத்தான் சனிக்கிழமைதோறும் பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் ராணுவச் சரக்குக் கடைக்குப் போவார். அங்கே அவர் கோட்டு வாங்குகிற அழகைப் பார்க்க வேண்டும். முதலில் மோந்து பார்ப்பார். பிறகு உள்பக்கத்தை வெளியே திருப்பி, தையலைக் கட்டைவிரலால் நெம்பி, லைனிங்கை விளக்குக்கு நேரே பிடித்து, மரத்துப்போன விரலாலும் போட முடிகிறதா என்று தடித்த கையுறையை மாட்டிக்கொண்டே பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் கழற்றி, பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாத ஆளிடம், "பருத்தி நனைஞ்சா எதிரி. கம்பளி நனைஞ்சாலும் உறவு" என்று எடுத்துச் சொல்லி, கடைசியில் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். புதுக் கோட்டு ஒன்றின் விலைக்கு மூன்று. உச்சி குளிர்ந்துவிடும். கடைக்காரர் மட்டும் பெரிய கடையில் வாங்கிய புது நைலான் ஜாக்கெட்டில் கதகதப்பாக உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார்.

மலிவில் ஒரு சங்கடம் உண்டு. நடுத்தர உடம்புக்கான அளவுகள் முதலிலேயே போய்விடும். மிச்சம் இருப்பதெல்லாம், குள்ளமானவர்களைச் சேர்த்துக்கொள்ளாத ஏதோ ஒரு நாட்டுப் படைக்குத் தைத்தவை. தனக்கு, மனைவிக்கு, மகளுக்கு என்று அவர் வாங்கிய மூன்று கோட்டும் ஒரே அளவு. உள்ளே ரெண்டு ஸ்வெட்டர் போட இடம் வேண்டாமா என்று கேட்டுவிட்டார். ஒரு குடும்பத்தையே போட இடம் இருந்தது.

இன்னொரு தடவை, துப்பாக்கி விசைக்காக ஒரு விரல் மட்டும் தனியே பிரிந்த கையுறை வாங்கி வந்தார். சுடுவதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. அந்த விரலால் வீட்டு அழைப்புமணியை அழுத்திப் பார்த்தார், அடித்தது. பிறகொரு தடவை, பனிக்கு மேல் போட்டுக்கொள்ளும் வெள்ளை அங்கி. பனியில் நின்றால் பத்தடி தூரத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது என்று போட்டே காட்டினார். நம்மைத் தேடி வருகிறவர்களுக்கும் தெரியாதா என்று மனைவி கேட்டாள். அவர் ஒரு வாரம் யோசித்தார். பிறகு ஒரு விசில் வாங்கினார்.

எல்லாம் அந்துருண்டை போட்டுக் கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டியில் இருக்கும். பெட்டிக்குப் பூட்டு, சாவி அவர் இடுப்பில். கண்ணை மூடிக்கொண்டே அந்தப் பூட்டைத் திறக்க ஞாயிற்றுக்கிழமைகளில் பழகுவார். வேலைக்கு மட்டும், ஜிப் போய் ஊக்கு குத்திய பழைய ஜாக்கெட்டில் பல் தந்தியடிக்கப் போய்வருவார். ஏன் சார், அந்தக் கோட்டைப் போடலாமே என்று யாராவது கேட்டால், அது அந்த நாளுக்கு என்பார்.

இப்படி இருக்கையில், காலையிலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவர் வீட்டு ஹீட்டர் உயிரை விட்டது. மகள் இருமலோடு பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் படுத்திருந்தாள். வேலை நேரத்தில் சொந்தப் போன் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். ஆகவே மனைவி புகார் எண்ணுக்கே அடித்தாள்.

"ஹீட்டர் நின்னுபோச்சுங்க. ரோடு மூடியிருக்காம், மெக்கானிக் நாளைக்குத்தான் வருவாராம். பாப்பாவுக்கு இருமல் கூடிப்போச்சு. பெட்டிச் சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

"லைட் எரியுதா?"

"எரியுது."

"அப்ப இது அவசரம் இல்லீங்க, ஆள் வருவார்."

பேசியது மனைவி என்பது போனை வைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அதற்காகக் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

பஸ் ஓடாததால் நடந்தே அவர் வீடு வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. வீட்டுக்குள் தெருவைப் போலவே குளிர்ந்தது. மகள் இருக்கிற போர்வையையெல்லாம் சுற்றிக்கொண்டு, மூக்கு மட்டும் தெரிய, சோபாவில் கணக்குப் புத்தகத்தோடு கிடந்தாள். இருமும்போது போர்வைக் குவியல் முழுவதும் குலுங்கியது. மனைவி தன் ஸ்வெட்டருக்கு மேல் அவருடைய ஸ்வெட்டரைப் போட்டு, கழுத்தில் துவாலையைச் சுற்றியிருந்தாள். பெட்டியைத் திறக்கச் சொன்னாள்.

அவர் ஊக்கைக் கழற்றாமலே விளக்க ஆரம்பித்தார். கம்பளியை ஒருதரம் வெளியே எடுத்தால் ஈரம் ஏறிவிடும். அந்துருண்டை வீணாகும். எல்லாவற்றையும்விட முக்கியம் கட்டுப்பாடு. இன்றைக்கு ஹீட்டர் என்று திறந்தால், நாளைக்குத் தும்மலுக்கும் திறக்கச் சொல்வீர்கள், அந்த நாள் வந்து நிற்கும்போது கையில் என்ன இருக்கும்? ஈரமில்லாத மனிதர் என்று அவரை நினைத்துவிடாதீர்கள். மனைவியும் மகளும் என்றால் அவருக்கு உயிர். மூன்று கோட்டில் இரண்டு அவர்களுக்காகத்தான். புயல் சீறும் இருட்டில் மகளின் கோட்டுப் பொத்தான்களைத் தன் கையால் போட்டுவிடுவதை அவர் மனக்கண்ணில் எத்தனையோ முறை பார்த்தவர். அந்தக் காட்சியில் சோபாவும் கணக்குப் புத்தகமும் இல்லை, அவ்வளவுதான்.

"அப்பா, அந்த நாள் வந்துடுச்சுன்னு எப்படித் தெரியும்?" என்றாள் மகள்.

இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை. அவர் முகம் மலர்ந்தது.

"வெளிய பனி கொட்டும். ரோடெல்லாம் மூடியிருக்கும். வீட்டுல சூடு இருக்காது. கூப்பிட்டா ஆள் வராது. வீட்டுல ஒருத்தருக்கு உடம்பும் முடியாமப் போயிடும்..."

ஒவ்வொரு வாக்கியத்தோடும் அவர் வாயிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. மகள் இருமினாள். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

"கரண்டும் இருக்காது" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

மனைவி எழுந்தாள். வாசல் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினாள். வீடு இருண்டது. அடுக்களையில் ஃபிரிட்ஜ் ஒருமுறை முனகி அடங்கியது.

"இப்ப?" என்றாள்.

இருட்டில் மகள் மறுபடி இருமினாள். இத்தனை வருடமாக லிஃப்டுக்கு வெளியே இருந்தே பேசிப் பழகியவர், முதல் தடவையாக உள்ளே நின்றுகொண்டிருந்தார். காற்று வந்தது. அது ஒரு ஆறுதலாகவே இல்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு பழகிய பழக்கம் மட்டும் வீண்போகவில்லை.

கோட்டுகளைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. அவர் சொன்னதெல்லாம் நிஜம். மகள் ஒன்றுக்குள் போய்த் தலைமறைவாகி, கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். மனைவியின் கைகள் கோட்டுக் கையின் பாதி வழியிலேயே நின்றுவிட்டன. பொத்தான்களை அவர்தான் தடவித் தடவிப் போட்டுவிட்டார். "நல்ல சூடாத்தாங்க இருக்கு" என்றாள் மனைவி. அவருக்குக் கண் கலங்கியது. அந்துருண்டை நெடி என்றார். சற்று நேரத்தில் இருமல் தணிந்து மகள் தூங்கிப்போனாள்.

மறுநாள் மெக்கானிக் வந்து ஹீட்டரைச் சரிசெய்துவிட்டார். கோட்டுகள் பெட்டிக்குத் திரும்பவில்லை. மனைவி தன்னுடையதைப் போட்டுக்கொண்டுதான் ரொட்டி வாங்கப் போகிறாள். மகள் இடுப்பில் பெல்ட்டைக் கட்டி, கோட்டுக் கையை மடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள். வகுப்பில் பாதிப் பேருக்குப் பொறாமை.

பட்டாளம் திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அடுத்த சனிக்கிழமை காலை, கடை திறக்கும்போதே வாசலில் நின்றார். இப்போதுதானே மூன்று கோட்டு வாங்கினீர்கள் என்று கடைக்காரர் கேட்டார்.

"அதெல்லாம் போட்டாச்சு. பழசாயிடுச்சு."

பிறந்ததிலிருந்து பழையதை மட்டுமே விற்றுவந்த கடைக்காரர் இன்னும் மூன்றைக் கட்டிக் கொடுத்தார். கொசுறாக ஒரு பூட்டும் கொடுத்தார்.

சிரியுங்கள், தடையில்லை. உங்கள் ஊரில் பனியே விழாமல் இருக்கலாம். ராணுவக் கோட்டை நீங்கள் கண்ணால்கூடப் பார்த்திராமல் இருக்கலாம். அலமாரியின் மேல்தட்டில் உறை பிரிக்காத அந்தப் போர்வை யாருக்கு? விருந்தாளிக்கென்று வைத்திருக்கும் கண்ணாடிக் கோப்பைகளில், வந்துபோன எந்த விருந்தாளிக்காவது இதுவரை தண்ணீர் கொடுத்ததுண்டா? நல்ல நாளுக்கென்று மடித்து வைத்த சட்டை இப்போது உங்கள் வயிற்றைச் சுற்றி வருமா? நேரம் வரும்போது எடுக்கலாம் என்று வீட்டில் கேட்டவர்களிடம் சொல்லியிருப்பீர்கள். அவர்களும் சரியென்று பேசாமல் இருந்திருப்பார்கள். பேசாமல் இருக்கிறார்களே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று உங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் தெரியும்.