நாற்பத்தெட்டாவது பதக்கம்

அன்புள்ள மச்சானுக்கு,

வால்வுத் தொழிற்சாலையில் முப்பத்துநாலு வருஷம் தரப் பரிசோதகராக இருந்து, போன வருஷம் ஓய்வுபெற்று, இப்போது கட்டைவிரல் வீங்கி உட்கார்ந்திருக்கும் உன் அக்காவின் கணவர் எழுதிக்கொள்வது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். இங்கே உன் அக்கா சௌக்கியம். வீடும் சௌக்கியம். நான் மட்டும் நாற்பத்தெட்டுக்கு நாற்பத்தேழு. அது என்ன கணக்கு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஃபோனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். உன் அக்கா ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர் என்பதை மறந்துவிட்டாய் போலிருக்கிறது. இருபத்தெட்டு வருஷமாக ஊரார் குரலைக் கேட்டுப் பழகிய காது. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நான் கிசுகிசுத்தாலும், வெளியே வந்ததும் "யார்கிட்ட என்னைப் பத்திப் பேசினீங்க?" என்று நிற்பாள். அதனால்தான் அவள் வேலைக்குப் போனபிறகு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வீங்கிய விரலால் இதை எழுதுகிறேன். கையெழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் ஓய்வுபெற்றபோது நீ அந்த கேம் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தாய். டிவியில் மாட்டியும் கொடுத்தாய். "அத்தான், இதுல யாரும் யாரையும் சுட மாட்டாங்க, ஒரு ஏரி, ஒரு படகு, மீன் பிடிக்கலாம், அவ்வளவுதான்" என்றாய். உன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன். அந்த வார்த்தையை நான் சாதாரணமாக எழுத மாட்டேன் என்று உனக்குத் தெரியும். உன் அக்காவுக்கு இப்போது பகல் ஷிஃப்ட் மட்டும்தான், சாயங்காலம் ஐந்தரைக்கு வருவாள், செருப்பைக் கழற்றுவாள், முகம் கழுவிவிட்டு சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது கன்ட்ரோலரை எடுப்பாள். நான் மீன் பிடிப்பேன், அவள் படகு ஓட்டுவாள். ஓட்டுவாள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், வாத்து எங்கே போகிறதோ அங்கே படகு போகும். ஆட்டத்தில் ஒரு பகல் என்பது நம் கடிகாரத்தில் நாற்பது நிமிஷம். தினம் ஒரு பகல் ஆடுவோம்.

அந்த நாற்பது நிமிஷத்தில் நாங்கள் பேசினோம். இதில் என்ன அதிசயம் என்று நினைக்காதே. எனக்கு மூன்று ஷிஃப்ட், அவளுக்கு மூன்று ஷிஃப்ட். முப்பத்தொரு வருஷம் நாங்கள் குடும்பம் நடத்தியதே ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய துண்டுச்சீட்டில்தான். "தண்ணீர் வரவில்லை", "சாவி பக்கத்து வீட்டில்". இப்போது திரையில் வாத்தைப் பார்த்துக்கொண்டே அவள் சொல்கிறாள், ஹாலில் தொங்கும் திரைச்சீலையின் நிறம் பதினெட்டு வருஷமாக அவளுக்குப் பிடிக்கவே இல்லையாம். இன்னொரு நாள், உங்கள் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி வாரத்தைப் பற்றிச் சொன்னாள். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே போய், ஹெட்போனை மாட்டி "வணக்கம், யாரோட பேசணும்?" என்பாளாம். அந்த வாரம் நான் இரண்டாம் ஷிஃப்டில் இருந்தேன். எனக்கு ஒன்றுமே தெரியாது. மீன் கடித்தது, நான் தூண்டிலை இழுக்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் ஒருநாள் நான் பத்தாவது தடவையாகப் படகுத்துறையில் கால் வழுக்கித் தண்ணீரில் விழுந்தேன். நான் என்றால் திரையில் இருக்கிற நான். உடனே 'டிங்' என்று ஒரு சத்தம், மூலையில் ஒரு தங்கப் பதக்கம், "பத்து முறை நனைந்தவர்" என்று எழுத்து. தொழிற்சாலையில் ஒரு தடவை எண்ணெயில் வழுக்கி நிஜமாகவே விழுந்தேன், அதற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார்கள். இங்கே விழுந்ததற்குப் பதக்கம்! இந்த வயதில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, பெருமையாகவும் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? உனக்கு ஃபோன் செய்து இது என்ன என்று கேட்டேன். நீ "அது அச்சீவ்மென்ட் அத்தான், மெனுவுல மொத்த லிஸ்ட் இருக்கும், பாருங்க" என்றாய். உன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று மேலே எழுதியதில் இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் கழித்துக்கொள்.

போய்ப் பார்த்தேன். நாற்பத்தெட்டு இருந்தன. நான் கவனிக்காமலே வாங்கியதையும் சேர்த்துப் பதினொன்றுக்குத்தான் பதக்கம். மீதி முப்பத்தேழும் காலிக் கட்டங்கள். மச்சான், முப்பத்துநாலு வருஷம் சோதனைத் தாளில் ஒரு கட்டம் காலியாக இருந்தால்கூட வால்வை வெளியே விடாதவன் நான். அன்றைக்கே கோடு போட்ட தாளில் நாற்பத்தெட்டையும் எழுதி, தேதி, குறிப்பு, கையெழுத்து என்று பத்தி பிரித்து, பீரோ கதவில் ஒட்டினேன். எங்கள் தொழிற்சாலை வழக்கப்படி தான் செய்த வேலையைத் தானே சரி என்று எவனும் கையெழுத்துப் போட முடியாது, இன்னொருவர் பார்த்துப் போட வேண்டும். வீட்டில் இன்னொருவர் யார்? உன் அக்காதான். முதல் நாலைந்துக்குச் சிரித்துக்கொண்டே போட்டாள். அப்புறம் "உப்புப் போட்டுட்டு வந்து போடறேன்" என்றாள். இருபதுக்குமேல் கையெழுத்துக்குப் பதிலாக "பார்க்கவில்லை" என்று எழுத ஆரம்பித்தாள். அதையும் நான் செல்லாது என்று அடித்துவிட்டு மறுபடி போடச் சொன்னேன்.

அந்தப் பட்டியலைப் போட்டவன் யாரோ தெரியவில்லை, எங்கள் பழைய உற்பத்தி மேலாளருக்குச் சொந்தக்காரனாக இருப்பான். ஐந்நூறு சின்ன மீனைப் பிடித்துத் திரும்ப விட வேண்டுமாம். ஏரியில் இருக்கும் எல்லாத் துறையிலும் போய் மணியடிக்க வேண்டுமாம். நூறு கிலோமீட்டர் நடக்க வேண்டுமாம், அதுவும் கரையோரமாக. கட்டைவிரல் தாங்காமல் நான் கன்ட்ரோலர் குச்சியை ரப்பர் பேண்டால் கட்டிவிட்டேன். ஆள் தானாகவே நடந்தான், ஒரு சுவரில் முட்டிக்கொண்டு அங்கேயே மூன்று நாள் நடந்தான். பெட்டி சூடேறி வீடே பொசுங்கல் வாடை. உன் அக்கா வேலையிலிருந்து வந்து பையைக்கூட வைக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருங்க அது, பாவம்?" என்றாள்.

"நான்தான்" என்றேன்.

டாக்டரிடம் விரலைக் காட்டப் போனபோது "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். ஓய்வில் இருக்கிறேன் என்றேன். "அப்ப கொஞ்சம் ஓய்வெடுங்க" என்று எழுதிக் கொடுத்தார்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் ஏரியின் வடக்கு முனைக்கு நான் போயிருக்கவே மாட்டேன். அங்கே ஒரு பழைய கலங்கரை விளக்கம் இருப்பதே தெரிந்திருக்காது. மேலே ஏறினேன், டிங் என்றது, இறங்கி வந்து பீரோவில் டிக் போட்டேன். "மேல ஏறினீங்களே, என்ன தெரிஞ்சுது?" என்று அவள் ஆசையாகக் கேட்டாள். மச்சான், சத்தியமாகச் சொல்கிறேன், நான் பார்க்கவில்லை. படிகளின் எண்ணிக்கை மட்டும் சொன்னேன்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். முப்பத்தொன்பதாவது பதக்கம், இரண்டு பேரும் சேர்ந்து கரையைத் தொடாமல் பதினோரு நிமிஷத்தில் ஏரியைச் சுற்றுவது. இதற்கு உன் அக்கா படகு ஓட்ட வேண்டும். ஒன்பது சாயங்காலம் முயன்றோம். நான் பக்கத்தில் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்து "இடப்பக்கம், இடப்பக்கம், ஐயோ வலப்பக்கம்" என்று கத்திக்கொண்டிருந்தேன். திரைச்சீலை, மாடிப்படி என்று ஒரு பேச்சும் இல்லை. ஒன்பதாம் நாள் பத்தரை நிமிஷத்தில் துறையை நெருங்கிவிட்டோம், நான் எழுந்தே நின்றுவிட்டேன், அப்போது ஒரு தாய் வாத்து குஞ்சுகளோடு குறுக்கே போயிற்று. உன் அக்கா படகை நிறுத்திவிட்டாள். "போகட்டுங்க, குட்டிங்க" என்றாள். பதினோரு நிமிஷம் தாண்டிவிட்டது. என் வாயிலிருந்து, முப்பத்துநாலு வருஷப் பழக்கம், "ரிஜெக்ட்" என்று வந்துவிட்டது. கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால்கூடத் தப்பித்திருப்பேன். அவளைப் பார்த்துச் சொன்னேன்.

அவள் சத்தம் போடவில்லை. கன்ட்ரோலரை மேசையில் வைத்தாள். "நான் உங்க ஃபேக்டரியில வேலைக்குச் சேரலைங்க" என்றாள். மறுநாள் காலை பார்க்கிறேன், நான் தொழிற்சாலையிலிருந்து ஞாபகார்த்தமாக எடுத்துவந்த சிவப்பு அட்டைகளில் ஒன்றைக் கழிவுப் பொருளுக்குக் கட்டுவதுபோல் தன் கன்ட்ரோலரில் கட்டி அலமாரியில் வைத்திருக்கிறாள். 'கழித்ததற்கான காரணம்' என்ற இடத்தில் "பக்கத்து இருக்கை சரியில்லை" என்று அழகாக எழுதியிருக்கிறாள்.

அது நடந்து இருபத்தாறு நாள் ஆகிறது. வேலைக்குப் போகிறாள், வருகிறாள், சாப்பாடு போடுகிறாள், நல்லபடியாகத்தான் பேசுகிறாள். ஆனால் ஐந்தரைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே படுக்கையறைக்குப் போய்விடுகிறாள். பிடிவாதத்தில் நான் மற்றதையெல்லாம் முடித்தேன். முப்பத்தொன்பதாவதுக்கு இரண்டு கன்ட்ரோலரையும் நானே இரண்டு கையில் பிடித்து ஓட்டினேன், இந்த விரல் வீக்கம் அதன் பரிசு. நாற்பத்தேழு ஆயிற்று. மிச்சம் ஒன்று. என்ன தெரியுமா அது? ஒரே படகில், இரண்டு பேரும், ஒரு முழுப் பகல், ஒரு மீன்கூடப் பிடிக்காமல் இருக்க வேண்டும். இதை ஒற்றை ஆளாகச் செய்து பார்த்துவிட்டேன், முடியவில்லை. இரண்டு பேருடைய பொத்தானும் நிமிஷத்துக்கு ஒரு தடவை அசைய வேண்டும், நான் நடுவில் தூங்கிவிடுகிறேன். சும்மா உட்கார்ந்திருப்பதைத் தனியாகச் செய்ய முடியாது என்பதை அறுபது வயதில் தெரிந்துகொண்டேன்.

எனக்கு அந்தப் பதக்கம் வேண்டாம், மச்சான். அந்த நாற்பது நிமிஷம் வேண்டும். ஆனால் இப்போது அவளை எப்படிக் கூப்பிடுவேன்? போன ஞாயிற்றுக்கிழமை துணிந்து, "சும்மா வந்து கொஞ்ச நேரம் உக்காரேன், மீன்கூடப் பிடிக்க வேண்டாம்" என்றேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிராமல், "எத்தனாம் நம்பர்?" என்றாள்.

நானும் வாய் தவறி, "நாற்பத்தெட்டு" என்றேன்.

அத்தோடு முடிந்தது. அந்தக் கட்டம் காலியாக இருக்கும்வரை நான் அவளை எதற்குக் கூப்பிட்டாலும் அதற்காகத்தான் என்று இருக்கும். அதற்காக இல்லை என்று சத்தியம் பண்ணவும் எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் எனக்கே என்னைத் தெரியும். ஆகவே உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நீ அங்கிருந்தபடியே என் பெட்டிக்குள் நுழைந்து ஏதேதோ செய்வாயே, அதுபோல நுழைந்து, அந்தப் பதக்கப் பட்டியலையே அடியோடு எடுத்துவிடு. வாங்கிய நாற்பத்தேழும் போகட்டும். ஆட்டத்துக்குப் பதக்கம் கொடுப்பது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது, அறிவாளிகள் பேசிக்கொள்ளட்டும். என்னைப்போன்ற ஆளிடம் அதைக் கொடுத்திருக்கக் கூடாது. பீரோ கதவில் ஒட்டியதை நான் கிழித்துக்கொள்கிறேன்.

உன் பிள்ளைகளுக்கு என் அன்பு. அவர்கள் நன்றாகப் படிக்கட்டும், நன்றாக ஆடட்டும், எதிலும் எத்தனைக்கு எத்தனை என்று கேட்கிற ஆள் அவர்களுக்கு வாய்க்காமல் இருக்கட்டும். உன் மனைவியிடம் விசாரித்ததாகச் சொல். தூங்குகிற நேரத்துக்குத் தூங்கு.

இப்படிக்கு,
உன் அன்பு அத்தான்

பின்குறிப்பு: மேலே கேட்ட எதையும் செய்ய வேண்டாம். உறையை ஒட்டுவதற்குக் கோந்து வாங்கக் கடைக்குப் போயிருந்தேன், அன்று பார்த்து உன் அக்கா அரை நாள் விடுப்பில் வந்துவிட்டாள். திரும்பி வந்தால் மேசையில் உட்கார்ந்து கடைசிப் பக்கம் படித்துக்கொண்டிருக்கிறாள். "இதைத் தம்பிகிட்ட எதுக்குச் சொல்றீங்க? என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?" என்றாள். அவள் எழுந்துபோய்க் கன்ட்ரோலரை எடுத்தாள், சோபாவில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்காரப் போனேன். "இருங்க" என்றாள். இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூடத் தூண்டிலைத் தொடாதவள், அதை எடுத்து வீசினாள், விரல் நீளத்துக்கு ஒரு மீனைப் பிடித்தாள். "ஆச்சு. இன்னிக்கு நாற்பத்தெட்டு கிடையாது. இப்ப உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். பழையபடி பேசினோம். திரைச்சீலையை மாற்றப் போகிறோம்.

அன்றிலிருந்து பத்து நாளாக இதுதான் வழக்கம். முதலில் அவள் ஒரு மீன் பிடிப்பாள், அப்புறம்தான் நான் உட்கார வேண்டும். அதனால் அந்தப் பட்டியல் அப்படியே இருக்கட்டும், கை வைத்துவிடாதே. நேற்று என்னமோ தெரியவில்லை, முப்பத்தைந்து நிமிஷம் ஆகியும் அவளுக்கு ஒரு மீன்கூடச் சிக்கவில்லை. நான் பழக்கதோஷத்தில் என் கன்ட்ரோலர் பொத்தானை அசைத்தபடி நின்றுகொண்டேதான் இருந்தேன். பகல் முடிய ஐந்து நிமிஷம், அதுவரை மீன் சிக்காவிட்டால் நாற்பத்தெட்டு தானாக வந்து விழும், திரையில் வெயில் சாய்ந்துவிட்டது, அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் தூண்டிலையும் அவள் தூண்டிலுக்குப் பக்கத்தில் போட்டேன். மீன் எனக்குத்தான் சிக்கியது.