நான் கட்டிய வெள்ளைத் துணி

கவலைப்படுவதற்கு ஒரு பரீட்சை இருந்திருந்தால் இலங்கையிலேயே முதலாவதாக வந்திருப்பேன். மற்றப் பரீட்சைகளைப் பற்றிப் பேசாமல் விடுவோம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான்.

அத்தான் (அக்காவின் கணவர்) வெளிநாட்டுக்காரரைச் சைக்கிளில் கூட்டிப்போய்த் திருகோணமலையைச் சுற்றிக் காட்டுகிறவர். தையல் கடையில் காஜா எடுத்துக் கண் பூத்துப்போயிருந்த என்னை, "ஒருநாள் வந்து பார் பிள்ளை. சரிவந்தால் இதையே வேலையாச் செய்" என்று கூப்பிட்டார். அவர் முன்னால் போவார். ஒருவரும் தொலைந்துபோகாமல் நான் கடைசியில் வர வேண்டும். (என்னைப் பற்றித் தெரிந்தும் அந்த வேலையை எனக்குத் தந்தார் பாருங்கள்.)

முந்தின நாள் மாலையே கவலை தொடங்கிவிட்டது. சந்தியில் யாராவது பிழையாகத் திரும்பிவிட்டால்? அலுமாரியைக் கிளறியபோது என் பழைய வெள்ளைப் பள்ளிச் சீருடை அகப்பட்டது. அதைக் கீலம் கீலமாகக் கிழித்து, கோட்டை வாசலிலிருந்து துறைமுகம் வரைக்கும் ஒவ்வொரு திருப்பத்திலும் லைட் கம்பத்தில் கட்டிவிட்டு வந்தேன். பள்ளிக்கூடத்துக்கே ஒழுங்காகப் போகாத சட்டை, ஊருக்கு வழிகாட்டப் புறப்பட்டது.

காலையில் ஐந்து பேர் வந்தார்கள். கோட்டை வாசலில் மான்களைப் படமெடுத்து முடிய, நெட்டையான ஒருவரின் செயின் கழன்று சில்லுக்குள் சிக்கிக்கொண்டது. அத்தான் குந்தியிருந்து அதை இழுக்கத் தொடங்கினார்.

"மற்ற ஆக்களைப் போகச் சொல்லுங்கோ அத்தான். வெள்ளைத் துணியைப் பார்த்துப் போனால் துறைமுகம் வரும். எல்லாச் சந்தியிலும் கட்டி வைச்சிருக்கிறன்" என்றேன். என்ன ஒரு பெருமை!

அத்தான் இங்கிலிஷில் சொன்னார். நாலு பேரும் போனார்கள்.

நாங்கள் துறைமுகத்தடித் தேத்தண்ணிக் கடைக்கு வந்து சேர்ந்தபோது அங்கே ஒருவரும் இல்லை.

"அத்தான், கடலுக்குள்ள விழுந்திட்டினம்!"

"நாலு பேரும் ஒண்டாவோ?"

"அப்ப நேவிக் காம்புக்குள்ள போயிருப்பினம். பிடிச்சு வைச்சிருப்பாங்கள். இல்லாட்டி மூதூர்ப் படகில ஏறிட்டினம்."

"நீ முதல்ல மூச்சை விடு."

நெட்டையரைக் கடையில் இருத்திவிட்டு வந்த வழியே திரும்பினோம். ஒரு சந்தியில் அத்தான் சட்டென்று பிரேக் பிடித்தார். இடப்பக்கக் கம்பத்தில் என் கீலம், மூக்குத் துடைத்த துணிபோலத் தொங்கியது. வலப்பக்கத்தில் வீதி நெடுக, வரிசை வரிசையாக, வெள்ளை வெளேரென்று கொடிகள்.

இந்த நாட்டில் வெள்ளைக்கொடி கட்டிய வீதி எங்கே போய் முடியும் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். செத்த வீட்டில். இரவோடிரவாக யாரோ காலமாகியிருந்தார். (கடலுக்கும் நேவிக்கும் கவலைப்படத் தெரிந்தவள் இதற்குக் கவலைப்பட மறந்துபோனேன்.)

பறைச் சத்தம் கேட்டது. பந்தல் வாசலில் எங்கள் சைக்கிள்கள் ஒழுங்காகச் சாத்தியிருந்தன. உள்ளே, முன்வரிசைக் கதிரைகளில் நாலு பேரும் ஹெல்மெட்டை மடியில் வைத்து, தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தார்கள். ஒரு பெண்ணுக்குக் கண் சிவந்திருந்தது. சொல்லிவைத்ததுபோல அந்த நேரம் பார்த்துப் பறை ஓய்ந்தது. பளீரென்ற மஞ்சள் டீசேர்ட்டோடு வாசலில் நின்ற நான், என்னையறியாமல் கத்தினேன்:

"அப்பாடா! எல்லாரும் இருக்கினம்!"

அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தார்கள். உடனே நான் அழத் தொடங்கினேன். (அந்த இடத்தில் அதை ஒருவரும் பிழையாக எடுக்கவில்லை.)

இறந்தவரின் மகன் எழுந்து வந்தார். "இவை நோர்வேயில இருந்து அண்ணா அனுப்பின ஆக்கள்தானே? அவருக்கு வர ஏலாமப் போச்சு."

அத்தான் தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னார். மகன் நாலு பேரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"பரவாயில்லை. அப்பா துறைமுகத்தில வேலை செய்தவர். கப்பலில வாற வெள்ளைக்காரரைக் கண்டால் விடமாட்டார், கதைச்சே சாக்கொல்லுவார். இண்டைக்கு நாலு பேர் அவரைத் தேடி வந்து கும்பிட்டிருக்கினம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, அழாமல் தேத்தண்ணியைக் குடியுங்கோ."

அவ்வளவு ருசியான தேத்தண்ணியை நான் பிறகு குடித்ததில்லை.

திரும்பும் வழியெல்லாம் தையல் கடை என் கண்ணுக்குள் நின்றது. வீட்டு வாசலில்தான் அத்தான் வாய் திறந்தார். "நாளைக்கு வெள்ளண வா. துணி கட்டாமல் வா."

இன்றும் கடைசிச் சைக்கிள் என்னுடையதுதான். அந்த நாலு பேர் போய் யாருக்கு என்ன சொன்னார்களோ, பிறகு வந்த ஒரு கூட்டம், மேளம் அடித்துத் தேத்தண்ணி தரும் வீட்டுக்கு எப்போது போவோம் என்று அத்தானை நச்சரித்துவிட்டது.

சொந்தத்தில் ஒரு செத்த வீடு என்றால் அத்தான் என் பக்கத்தில் வந்து, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்பார்:

"பிள்ளை, எல்லாரும் இருக்கினமோ?"

நானும் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்வேன்: "ஓம் அத்தான், ஒராளைத் தவிர."