எம் சைஸ் தேவசகாயம்

"அடுத்த சனிக்கிழமை பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு சாம்பிள் ரூம் மாஸ்டர் ஆபித் பாஷா பாய் டேப்பைச் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

அவ்வளவுதான். சரியாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, கெட்டுப்போச்சு என்றும் சொல்லவில்லை. தேவசகாயம் தூக்கிய கைகளை இறக்க மறந்து நின்றான். மூன்று சனிக்கிழமையாக இதே கூத்து. பாய் மார்பை அளக்கிறார், வயிற்றை அளக்கிறார், டேப்பில் கட்டைவிரலை வைத்து ஆபீஸ் லுப்னாவிடம் மட்டும் காட்டுகிறார். லுப்னா கம்ப்யூட்டரில் தட்டுகிறாள். அதோடு பாயின் முகம் தொங்கிப்போகிறது.

ஆம்பூரில் அந்தத் தோல் ஜாக்கெட் கம்பெனியில் தேவசகாயத்துக்கு வேலையே உடம்போடு இருப்பதுதான். வெளிநாட்டுக்குச் சாம்பிள் போவதற்கு முன்னால் ஒருத்தன் போட்டுப் பார்க்க வேண்டுமே. கம்பெனியில் ஒரு பொம்மை இருக்கிறது. ஆனால் பொம்மை கையை மடக்காது, குனியாது, அக்குளில் இறுக்குகிறது என்று சொல்லாது. தேவசகாயம் சொல்வான். மார்பு நாற்பது, வயிறு முப்பத்து நாலு. பதினோரு வருஷமாக ஒரு நூல் ஏறவில்லை, இறங்கவில்லை. 'எம் சைஸ் அண்ணன்' என்றால்தான் கேட்டில் இருக்கிற செக்யூரிட்டிக்கே தெரியும்.

அதற்கு முன்னால் அவன் தோலுக்குக் கலர் அடிக்கிற ஸ்ப்ரே செக்ஷனில் இருந்தான். அந்தக் கலர் நெடியில் இருமி இருமி விலாவெல்லாம் நோகும். சாம்பிள் ரூமுக்கு வந்த பிறகுதான் இருமல் நின்றது. எம் சைஸ் போனால் மறுபடியும் ஸ்ப்ரேதான். பாவம், அவன் பயம் அதுதான்.

வழக்கமாக வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கு முன்னால் ஜாக்கெட் வாங்குகிற வெளிநாட்டு பையர் வரும்போதுதான் அளப்பார்கள். இந்த வருஷம் நவம்பரிலேயே ஆரம்பித்துவிட்டார் பாய். அதுவும் வாராவாரம். தேவசகாயத்துக்கு வேறு என்ன தோன்றும்? குளிர்காலம் வந்துவிட்டது, நமக்குத் தொப்பை போடுகிறது, பாய் கண்டுபிடித்துவிட்டார்.

ஆம்பூரில் குளிர் என்றால் ஸ்வெட்டர் போடுகிற குளிர் இல்லை. பசிக்கிற குளிர். விடியற்காலையில் ஆட்டுக்கால் பாயா வாசனை, மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் பஜ்ஜி. இதற்கு நடுவில் கல்யாண சீசன், கிறிஸ்துமஸ். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவன் மனுஷனே இல்லை. தேவசகாயம் இருந்தான்.

முதலில் டீயில் சர்க்கரையை விட்டான். அடுத்து விடியற்காலையில் எழுந்து பைபாஸ் ரோட்டில் நடந்தான். நடந்ததில் பசி எடுத்து, திரும்பி வருகிற வழியில் ஆறு இட்லி உள்ளே போயிற்று. அதனால் நடப்பதை நிறுத்திவிட்டு இட்லியையும் நிறுத்தினான். காலையில் கொள்ளுக் கஞ்சி, மத்தியானம் வெள்ளரிக்காய், ராத்திரி ஒரு டம்ளர் மோர். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருந்துவிட்டு நாலாவது சனிக்கிழமை கை தூக்கி நின்றான்.

பாய் அளந்தார். முகம் இன்னும் தொங்கியது. "உடம்பு நல்லா இருக்குல்ல, தேவசகாயம்?" என்று மட்டும் கேட்டார்.

அப்படியென்றால் இன்னும் ஏறியிருக்கிறது. மோரும் ஆகாது போல.

லுப்னாவைத் தனியாகப் பிடித்து, எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தான். பாய் சொல்லக்கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றாள்.

இதில் இன்னொரு வம்பு. அளந்த மறுநாளெல்லாம் பாய் வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. ஒரு வாரம் மச்சான் வீட்டுக் கல்யாண பிரியாணி, தூக்கு நிறைய. அடுத்த வாரம் ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா இனிப்பு, இரண்டு பெட்டி. அதற்கடுத்த வாரம் குளிருக்கு நல்லது என்று நல்லி எலும்பு பாயா. பாய் மனுஷன் தங்கமானவர், திருப்பி அனுப்பினால் மனசு நோவார். தின்றாலோ வேலை போகும். சோதிக்கிறாரா, பாசமா என்று தேவசகாயத்துக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

முதல் வாரம் பிரியாணித் தூக்கைப் பார்த்ததுமே அவனுக்குக் கோபி ஞாபகம் வந்தது. கோபி கட்டிங் செக்ஷன், அடுத்த தெரு. தேவசகாயம் லீவு போட்டால் ஜாக்கெட் போட்டுக் காட்டுகிறவன் அவன்தான். கம்பெனியில் இன்னொரு எம் சைஸ். நாற்காலி பறிபோனால் அது போகிற இடமும் அவனிடம்தான்.

பிரியாணித் தூக்கு அன்றே கோபி வீட்டுக்குப் போனது.

கெட்ட எண்ணம்தான், மறைப்பானேன். நமக்கும் வயிறு தப்பும், அவனும் ஒரு சுற்றுப் பெருப்பான் என்று கணக்குப் போட்டான் தேவசகாயம். கோபி கள்ளம் கபடம் இல்லாதவன். மூக்குமுட்டத் தின்றுவிட்டு, "உன்ன மாதிரி தோஸ்த் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்டா" என்று கண்கலங்கினான். தேவசகாயத்துக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் மக்கன் பேடாவையும் கொடுத்தான்.

கிறிஸ்துமஸுக்குள் கோபிக்குச் சட்டைப் பட்டன் திணறியது. தேவசகாயத்துக்கோ பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை.

இது எப்படி என்றுதான் அவனுக்கு விளங்கவில்லை. பேண்ட் நழுவுகிறது, பாய் முகமும் தொங்குகிறது. வேலூர் லாங் பஜார் போய் எடை மெஷின் ஒன்று வாங்கி வந்தான். ஆறு கிலோ குறைந்திருப்பதாகக் காட்டியது. பழுதான மெஷின் என்று கொண்டுபோய் மாற்றினான். இரண்டாவது மெஷின் ஆறரை காட்டியது.

"இன்னாங்க, கன்னம் ஒட்டிப்போச்சு. கேக்காவது ஒரு துண்டு தின்னுங்க" என்றாள் அவன் மனைவி சௌந்தர்யா.

"மெஷினுக்கு இன்னா தெரியும். பாய் முப்பது வருஷமா டேப் புடிச்சவரு" என்றான்.

அவனுக்கு ஒரு விளக்கம் கிடைத்திருந்தது. சதை இடுப்பில் இல்லை. இடுப்பிலிருந்து கிளம்பி மார்புக்கும் தோளுக்கும் ஏறிவிட்டது. அதைத்தான் பாய் கண்டுபிடித்திருக்கிறார். அன்றிலிருந்து கொள்ளுக் கஞ்சியும் பாதியாயிற்று.

ஜனவரியில் பையர் வந்தார். ஆறடி உயரம், சிரித்த முகம். புது ஜாக்கெட்டைத் தேவசகாயத்துக்கு மாட்டினார்கள். அவன் பயத்தில் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, உத்தரத்தைப் பார்த்தபடி நின்றான். முதுகுப்பக்கம் பையர் தோலைப் பிடித்துப் பார்ப்பது தெரிந்தது. ஏதோ முணுமுணுத்தார். பாய் கர்சீப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, கோபியைக் கூப்பிடச் சொன்னார்.

கோபி வந்தான். தொப்பை முதலில் வந்தது, அவன் பின்னால் வந்தான். தேவசகாயத்துக்கு உண்மையாகவே இரக்கமாக இருந்தது. இத்தனை பேருக்கு முன்னால் ஜிப் பிய்ந்து அவமானப்படப்போகிறானே, எல்லாம் நாம் செய்த பாவம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சர்ரென்று ஒரே இழுப்பில் ஜிப் கழுத்துவரை ஏறியது. கோபி கையை மடக்கினான், குனிந்தான், நிமிர்ந்தான். ஒரு சுருக்கம் இல்லை. பையர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பாய் அல்ஹம்துலில்லாஹ் என்று மூச்சு விட்டார். கோபியைச் சாம்பிள் ரூம் நாற்காலியில் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள்.

தேவசகாயத்துக்குக் கண் இருட்டியது. பசியா, அதிர்ச்சியா, அவனுக்கே தெரியவில்லை. பாய் அவன் தோளைத் தொட்டு, வருத்தப்படாதே, ஸ்ப்ரேயில் முகமூடி எல்லாம் இப்போது புதுசு என்றார். சொல்லும்போது அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அதற்கு மேல் நிற்க முடியாமல் பையரோடு போய்விட்டார்.

தேவசகாயம் லுப்னாவின் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றான். இடது கை பேண்ட்டைப் பிடித்திருந்தது.

"ரெண்டு மாசமா சோறு பாக்கலம்மா நானு. அவன் மூட்டை மாதிரி இருக்கான். அவனுக்கு ஏறுது, எனக்கு எங்கம்மா இடிக்குது?"

லுப்னா கம்ப்யூட்டரை விட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்த வருஷம் எல் சைஸ் ஆள்தான் வேணும்னு பையர் நவம்பர்லயே மெயில் போட்டுட்டாருண்ணா, நேரா சொன்னா பக்ரீத் ஆட்டுக்குத் தீனி போடுற மாதிரி இருக்கும்னு கூச்சப்பட்டுத்தான் பாய் உங்களுக்கு வாராவாரம் பிரியாணியும் பேடாவுமா அனுப்பினாரு."