எட்டு எண்ணுகிறவர்

கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு கோல்கீப்பரின் கையை மட்டுமே பார்க்கிற ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கோல் விழுந்ததா, யார் அடித்தார் என்பதெல்லாம் இவருக்கு இரண்டாம்பட்சம். கீப்பர் பந்தைக் கட்டத்துக்கு வெளியே கையால் தொட்டாரா, தன் ஆள் காலால் தட்டித் தந்ததைக் கையில் எடுத்தாரா, எடுத்ததை எவ்வளவு நேரம் வைத்திருந்தார்? கவலை எல்லாம் அதுதான். விசில் மட்டும் இவரிடம் இல்லை. அந்தக் குறையைத் தொண்டை தீர்த்துவைக்கும்.

முட்டத்துச் சூசையை எடுத்துக்கொள்ளுங்கள். குவைத்தில் கிரேன் ஓட்டிவிட்டுத் திரும்பியவர். கீப்பர் எட்டு நொடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் என்று புது விதி வந்ததிலிருந்து மனிதருக்குத் தூக்கம் குறைந்து குரல் கூடிவிட்டது. விதி எல்லாருக்கும் ஒன்றுதானே? அவரும் அதைத்தான் சொல்வார். எட்டுதான் ஆளைப் பார்த்து நீளும், குறுகும்.

பங்குத் திருவிழாக் கோப்பையின் இறுதி ஆட்டம். முதல் பாதியில் அவர் முன்னால் நின்றவர் தேங்காய்ப்பட்டணத்துக் கீப்பர். அவர் பந்தை அணைத்ததுதான் தாமதம், மீன் ஏலம் விடுகிறவனும் தோற்கிற வேகத்தில் சூசை எட்டைத் தொட்டுவிடுவார்.

"டீச்சரே, எட்டு கழிஞ்சாச்சு! கண்ணு தெரியலியா?"

நடுவர் பிரிஜா, உள்ளூர்ப் பள்ளியின் விளையாட்டு ஆசிரியை. திரும்பாமலே சொன்னார்: "மாமா, எண்ணுறதுக்கு எடையில கொஞ்சம் மூச்சும் விடுங்கோ."

இரண்டாம் பாதியில் பக்கம் மாறியது. இப்போது சூசையின் முன்னால் நிற்பது அவருடைய தங்கச்சி மகன் லிஜின். முட்டம் ஒரு கோல் முன்னிலை. ஆட்டம் முடியப்போகிறது, கோப்பை கைக்கெட்டும் தூரத்தில். வந்த பந்தை அணைத்துக்கொண்டு லிஜின் மண்ணில் கவிழ்ந்தான்.

"எத்தன ஆச்சு மாமா?"

"நீ படுத்துக் கெட மக்கா, நான் எண்ணுதேன். ஒண்ணு…" மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு…" பக்கத்தில் நின்ற கூட்டாளி சிலுவையிடம், வள்ளம் கரை பிடிச்சாச்சா, சாளை மீன் உண்டா என்று விசாரித்தார். "மூணு…"

பிரிஜாவின் கை உயர்ந்தது. கடைசி ஐந்து நொடிக்கு ஐந்து விரலும் ஒவ்வொன்றாக மடங்கின. லிஜின் பார்த்தால்தானே? முகம் மண்ணில், காது மாமாவிடம்.

விசில். கார்னர். பறந்து வந்த பந்துக்கு எவனோ தலையைக் கொடுத்தான், வலை குலுங்கியது. ஆட்டம் சமன். பிறகு பெனால்டி ஷூட்டவுட்டில் கோப்பை தேங்காய்ப்பட்டணத்துக்கு வண்டியேறிவிட்டது.

சூசை மைதானத்துக்குள் பாய்ந்தார். "இது என்ன அநியாயம் டீச்சரே! நான் மூணுலதான நின்னேன்!"

"நீங்க நின்னீங்கோ மாமா. நேரம் நிக்கலியே."

லிஜின் கையுறைகளைக் கழற்றி மாமாவின் கையில் திணித்தான். "ஒங்க கணக்க நம்பித்தான மாமா படுத்துக் கெடந்தேன்! அவனுக்கு எண்ணுன மாதிரி எனக்கும் எண்ணியிருந்தா, பந்த அப்பமே கடலுக்கு அடிச்சிருப்பேனே!"

"அது வேற மக்கா, இது வேற" என்றார் சூசை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். பக்கத்து வீட்டுப் பெண் வேலை முடிந்து வரக் கொஞ்சம் தாமதமானால், சன்னலோரம் நின்று நிமிடம் எண்ணுகிறவர் யார்? அப்படியே உங்கள் மகன் வீடு திரும்பும் நேரத்தையும் ஒருநாள் எண்ணிப் பாருங்கள்.

நடுவில் கண்ணாடியைத் துடைக்காமல்.