தேவாங்கு வாங்கிய டாக்டர் பட்டம்

ஒரு காட்டில் பூங்கோதை என்றொரு தேவாங்கு இருந்தது. யார் வந்து எதைப் புலம்பினாலும் தன் பெரிய கண்களைக் கொட்டாமல் கேட்கும். நடுநடுவே "அப்புறம்?" என்று மட்டும் சொல்லும். வந்த மிருகம் அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, லேசான மனசோடு வீட்டுக்குப் போகும்.

"இதையே படிச்சா பேருக்கு முன்னால டாக்டர்னு போட்டுக்கலாமே!" என்றது காட்டுப்பன்றி மருதப்பன்.

அன்றோடு பூங்கோதையின் பகல் தூக்கம் போயிற்று. வனப் பல்கலைக்கழகத்தில் மனநல ஆலோசனைத் துறையில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தது. அதற்கு வாய்த்த கைடு, காட்டெருமைப் பேராசிரியர் வயிரவநாதன்.

நான்கு வருடம் கழித்து அவர் சொன்னார்: "மனக்கவலை உள்ள மிருகங்கள் நூறு வேணும். மாசக் கடைசிக்குள்ள கிடைக்கலைன்னா உன் பதிவு ரத்து."

பூங்கோதை காடெல்லாம் அலைந்தது. முயல் அம்சவேணியைப் பிடித்து, "உனக்கு ஏதாவது கவலை இருக்கா?" என்று ஆசையாகக் கேட்டது.

"இருந்துச்சு அக்கா. போன வாரம் உங்ககிட்ட அழுதேனே, போயிடுச்சு."

எல்லா மிருகங்களும் இதையே சொல்லின. காட்டில் கவலையோடு மிஞ்சியது பூங்கோதை ஒன்றுதான்.

"அதுக்கென்ன, கேள்வித்தாளைக் கொடு" என்றார் கைடு. இருநூற்றுப் பதினான்கு கேள்விகள். மூன்று பிரதி. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து.

நாற்பதாவது கேள்வியில் அம்சவேணி பேனாவைக் கீழே வைத்தது. "அக்கா, எங்க வீட்டுக்காரர் ரெண்டு வாரமா என்னோட பேசவே இல்லை! இப்பத்தான் கவனிக்கிறேன்!" ஓவென்று அழுதது.

பூங்கோதைக்கு மனசு பதறியது. தேற்றலாம் என்று வாயைத் திறந்தது.

"பேசாதே! ஆறுதல் சொன்னா தரவு கெட்டுடும்!" என்று உறுமினார் கைடு.

பூங்கோதை வாயைப் பொத்திக்கொண்டு அழுகையை அளந்து குறித்தது. பதினேழு நிமிடம்.

பத்தே நாளில் நூறு தேறியது. அதற்குமேல் எழுபது மிருகங்கள் வரிசையில் நின்று விசும்பின. வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த நாரை, "ஒரே காட்டில் இவ்வளவு மனவேதனையா! அற்புதம்!" என்று சிறகு தட்டிப் பட்டம் கொடுத்தது.

டாக்டர் பூங்கோதை கிளினிக் திறந்த அன்று அம்சவேணிதான் முதலில் ஓடி வந்தது. "இப்பவாவது பேசலாமா அக்கா?"

பூங்கோதை நாட்குறிப்பைப் புரட்டியது. அதற்கும் பாவமாகத்தான் இருந்தது.

"அடுத்த மாசம் பதினெட்டாம் தேதி வாம்மா. அதுவரைக்கும் அழாம வெச்சிரு."

நீதி: முனைவர் பட்டம் வாங்கும்வரை யாருக்கும் ஆறுதல் சொல்லிவிடாதீர்கள், ஆராய்ச்சிக்கு ஆள் கிடைக்காது.